பத்து முறை நடத்தியும் ‘ஹி கோ’ என்கிறார்களே, ஏன்?

ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது இது: “ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு ‘ஸ்’ சேர வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து நடத்துகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் சரியாக எழுதுகிறார்கள். வாயைத் திறந்தால் ‘மை ஃபாதர் கோ டு மார்க்கெட்’தான். நான் நடத்தும் விதம் தப்பா? மனிதர்கள் இரண்டாம் மொழியை எப்படித்தான் கற்கிறார்கள்? ஒவ்வொரு தப்பையும் திருத்த வேண்டுமா? வகுப்பில் தமிழே பேசக் கூடாதா? சின்ன வயதிலேயே ஆரம்பிக்காததால் இனி வராது என்று பெற்றோர் சிலர் சொல்வது உண்மையா?”

குறுகிய பதில்: உங்கள் மேலும் தப்பில்லை, பிள்ளைகள் மேலும் தப்பில்லை. நாம் பாடம் நடத்தும் வரிசை வேறு, பிள்ளையின் மனத்தில் மொழி அமையும் வரிசை வேறு. ஐம்பது வருட ஆராய்ச்சியில் எல்லாத் தரப்பும் ஏறக்குறைய ஒப்புக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். மற்றதில் எல்லாம் இன்னும் சண்டை ஓயவில்லை.

உங்கள் ‘ஸ்’ஸையே எடுத்துக்கொள்வோம், அது ஒரு சுவாரசியமான ஆசாமி. நம் ஊரில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தாய்மொழித் தாக்கம். 1957-இல் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ, இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மாணவர் எங்கே தடுமாறுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் வினை, எழுவாயைப் பார்த்து மாறாமலா இருக்கிறது? போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆங்கிலத்தைவிட நாம் எவ்வளவோ அதிகம் மாற்றுகிறோம். தாய்மொழிப் பழக்கம்தான் எல்லாம் என்றால், இந்த ஒரு ‘ஸ்’ தமிழ்ப் பிள்ளைக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி வந்திருக்க வேண்டும். வரவில்லையே.

தமிழ்ப் பிள்ளைக்கு மட்டுமல்ல, யாருக்குமே இது சீக்கிரம் வருவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சை அமெரிக்க உளவியலாளர் ராஜர் பிரவுன் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து 1973-இல் வெளியிட்டார். ‘கோயிங்’, ‘ப்ளேயிங்’ போன்ற ‘இங்’ முதலில் வந்தது. பன்மை ‘ஸ்’ சீக்கிரமே வந்தது. வினையில் ஒட்டும் ‘ஸ்’ வெகு தாமதம். அடுத்த ஆண்டே ஹைடி டுலேயும் மரினா பர்ட்டும் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளையும் சீனம் பேசும் பிள்ளைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு தாய்மொழிகள், ஆனால் ஆங்கிலம் வந்து சேர்ந்த வரிசை பெரும்பாலும் ஒன்று. அங்கேயும் இந்த ‘ஸ்’ கடைசிப் பெஞ்சில்தான்.

காரணம் யோசித்தால் புரியும். ‘மை ஃபாதர்’ என்று சொன்னவுடனேயே யார் என்பது தெரிந்துவிட்டது. பிறகு வரும் ‘ஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை, விட்டுவிட்டாலும் அர்த்தம் கெடாது. வேகப் பேச்சில் அது காதில் சரியாக விழுவதும் இல்லை. பன்மை ‘ஸ்’ அதே ஓசைதான், ஆனால் ஒன்றா பலவா என்ற தகவல் அதில் இருக்கிறது. அதனால் மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அர்த்தம் உள்ளதை முதலில் எடுத்துக்கொள், அலங்காரத்தைப் பிறகு பார்க்கலாம் என்பது மனித மூளையின் சிக்கனம்.

இதற்காகத் தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ‘ஏ’, ‘தி’ இரண்டையும் எங்கே போடுவது என்பதில் நம் பிள்ளைகள் படும் பாட்டை ஜப்பானியரும் கொரியரும் ரஷ்யரும் படுகிறார்கள். இவர்கள் மொழி எதிலும் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. ஒரு தப்பைப் பார்த்தவுடன் ‘தமிழ்ப் புத்தி’ என்று முத்திரை குத்துவதைத்தான் நிறுத்த வேண்டும். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-இலேயே எழுதினார்: மாணவரின் தப்பு ஒரு சாட்சி, அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாடத்திட்டம் எது என்று அது ஆசிரியருக்குக் காட்டுகிறது. ‘ஐ ஈட்டட்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இறந்தகாலத்துக்கு ஒரு விதி இருக்கிறது என்று தானே கண்டுபிடித்திருக்கிறாள்.

அப்படியானால் நடத்தியே பயனில்லையா? ஜெர்மனியில் மன்ஃப்ரெட் பீனமான் இதைச் சோதித்தார். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஜெர்மன் சொல்வரிசையைப் படிப்படியாக, எல்லோரும் ஒரே படிவரிசையில் எட்டினார்கள் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் இத்தாலியப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பிட்ட அமைப்பை வகுப்பில் நடத்திப் பார்த்து 1984-இல் எழுதினார். அதற்கு முந்தைய படியில் நின்ற பிள்ளைகள் பாடம் நடத்தியதும் சட்டென்று ஏறினார்கள். இன்னும் கீழே நின்றவர்களுக்கு எவ்வளவு நடத்தியும் ஏறவில்லை. ஆக, பாடம் வேகத்தைக் கூட்டும், படியைத் தாண்ட வைக்காது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் யார் எந்தப் படியில் என்று அளந்து பார்க்க உங்களுக்கு நேரமில்லை, அது தேவையும் இல்லை. ஒரு பாடத்தை ஜூனில் முடித்துவிட்டு மூடி வைக்காமல், அதே அமைப்பு ஆகஸ்டில், டிசம்பரில், எட்டாம் வகுப்பில் என்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும்படி செய்தால் போதும். அவரவர் படிக்கு வரும்போது அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

பரீட்சையில் சரியாக எழுதும் அதே பிள்ளை பேச்சில் தவறுவதும் இதனால்தான். கோடிட்ட இடத்துக்கு முன்னால் உட்கார்ந்து விதியை நினைத்துப் பார்க்க நேரம் இருக்கிறது. பேச்சில் அந்த நேரம் இல்லை. அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் இதை வைத்து ஒரு பெரிய சுவரே எழுப்பினார். விதியாகக் கற்றது என்றைக்கும் இயல்பான பேச்சாக மாறாது, புரியும்படி நிறையக் கேட்டும் படித்தும் உள்வாங்கியதுதான் பேச்சாகும் என்றார். அவ்வளவு கெட்டியான சுவர் இருப்பதாக நான் நம்பவில்லை. பயிற்சியால் விதி மெல்லப் பழக்கமாவதைக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் கிராஷென் வலியுறுத்திய இன்னொரு பாதி முழுக்க உண்மை: காதிலும் கண்ணிலும் படாத மொழி வாயில் வராது.

அதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் ஃபிஜித் தீவிலிருந்து வருகிறது. வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள், வீட்டில் ஆங்கிலம் கிடையாது, பள்ளியில் புத்தகமும் அதிகம் கிடையாது. எட்டுப் பள்ளிகளில் வகுப்புக்கு 250 படக்கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் கொஞ்ச நேரம் சும்மா படித்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து படித்துப் பேசினார்கள். மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல வாக்கிய அமைப்புப் பயிற்சி. எட்டு மாதத்தில், புத்தகம் கிடைத்த பிள்ளைகள் படிப்பதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கமான வேகத்தைப்போல இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பார்த்தபோது எழுத்திலும் இலக்கணத்திலும்கூட அவர்களே முன்னால் இருந்தார்கள், இத்தனைக்கும் இலக்கணப் பயிற்சி அதிகம் செய்தது மற்றப் பள்ளிகள்.

நம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு வருடத்தில் படிக்கும் ஆங்கிலம் எவ்வளவு? ஒரு பாடப்புத்தகம். அதையும் வரிவரியாக உடைத்து, தமிழில் அர்த்தம் சொல்லி, கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைத்து ஆண்டு முழுக்க ஓட்டுகிறோம். இந்தக் கொஞ்சத் தீனியில் ‘ஸ்’ எத்தனை தடவை கண்ணில் படும்?

ஆனால் கேட்பதும் படிப்பதும் மட்டும் போதுமா என்றால், கனடா போதாது என்கிறது. மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965-இல் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சிலேயே கணக்கும் அறிவியலும் நடத்தத் தொடங்கினார்கள். திட்டம் நாடு முழுக்கப் பரவியது. பிள்ளைகளின் பிரெஞ்சு கேட்டல், வாசிப்பு இரண்டும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு வெகு அருகில் வந்தன. பேச்சும் எழுத்தும் வரவில்லை. பல வருடம் ஆகியும் பால் விகுதியிலும் வினை வடிவத்திலும் தடுமாற்றம். மெரில் ஸ்வேய்ன் 1985-இல் இதைச் சுட்டிக்காட்டி, கேட்கும்போது அர்த்தத்தை ஊகித்தே தப்பித்துவிடலாம், சொல்லும்போதுதான் வாக்கியத்தை முழுதாகக் கட்ட வேண்டியிருக்கிறது, தனக்கு என்ன தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிகிறது என்றார்.

இந்த இடத்தில் ரிச்சர்ட் ஷ்மிட் என்பவரின் அனுபவம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அவர் மொழியியல் பேராசிரியர். பிரேசிலில் சில மாதம் இருந்தபோது போர்த்துகீசு கற்றுக்கொண்டு நாட்குறிப்பும் எழுதிவந்தார். தெருவில் எல்லோரும் பேசும் சில வினை வடிவங்கள் அவர் காதில் விழவே இல்லை. வகுப்பில் நடத்திய பிறகுதான், இதென்ன எங்கே பார்த்தாலும் இதையே சொல்கிறார்களே என்று கேட்கத் தொடங்கியது. அதன் பிறகே அவர் பேச்சிலும் வந்தது. கவனத்தில் படாதது உள்ளே போவதில்லை என்ற அவருடைய கருத்து இங்கிருந்து வளர்ந்தது. நீங்கள் ஜூனில் நடத்திய பாடம் வீணில்லை என்பதற்கு இதுவே காரணம். அது வாய்க்காக நடத்திய பாடம் இல்லை, காதுக்காக நடத்தியது. காதைத் திறந்துவிட்டு, கேட்க எதுவும் தராமல் விட்டதுதான் குறை.

சரி, புரியும் மொழியும் வேண்டும், பேச வேண்டிய தேவையும் வேண்டும், கவனமும் வேண்டும். நாற்பது பேர், நாற்பது நிமிடம், ஒரு கரும்பலகை. எப்படி? இதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. உலகம் முழுக்க ஆசிரியப் பயிற்சியில் இன்றைக்குப் பேசப்படும் ஒரு முறை நம் பக்கத்து வகுப்பறைகளில் பிறந்தது. நம் ஆசிரியர்கள் பலருக்கு அது தெரியாமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். அப்போது தென்னிந்தியா முழுக்க வாக்கிய அமைப்பு முறைதான். ஒரு நாளைக்கு ஒரு அமைப்பு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. பிரபு அமைப்புப் பட்டியலையே தூக்கிப் போட்டார். வகுப்புக்கு ஒரு புதிர் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் சரியான நேரத்துக்குச் சேரலாம், வரைபடத்தில் எந்த வழி சுருக்கம், பள்ளிப் பாடவேளை அட்டவணையில் எந்த இடம் காலி என்பது போன்றவை. மனம் புதிரில் இருக்கும்போது மொழி தானாக அமையும் என்பது அவர் எண்ணம்.

வகுப்பை அவர் இரண்டாகப் பிரித்தார். முதல் பாதியில் அதே மாதிரியான ஒரு புதிரை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து வாய்விட்டுக் கேள்வி பதிலாகத் தீர்ப்பார்கள். அதிலேயே பிள்ளைகளுக்கு வேண்டிய ஆங்கிலமெல்லாம் காதில் விழுந்துவிடும். இரண்டாம் பாதியில் இன்னொரு புதிரை ஒவ்வொருவரும் தனியாகத் தீர்க்க வேண்டும். மதிப்பெண் விடை சரியா என்பதற்குத்தான், இலக்கணத்துக்கு இல்லை. வகுப்பில் பாதிப் பேராவது பாதி வேலையையாவது சரியாகச் செய்தால் புதிரின் கடினம் சரியான அளவில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். குழுவாகப் பிரித்துப் பேசவிடுவதை அவர் விரும்பவில்லை. ஒருவர் தப்பை ஒருவர் கேட்டு உறுதியாக்கிக்கொள்வார்கள் என்று நினைத்தார். இந்த ஒரு விஷயத்தில் பிறகு வந்தவர்கள் பலர் அவரோடு உடன்படவில்லை. ஆனால் பெஞ்சை நகர்த்தவே இடமில்லாத வகுப்புக்கு அவர் வழி எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் பிரபுவின் மாணவர்களையும் பழைய வாக்கிய அமைப்பு முறையில் படித்தவர்களையும் ஒப்பிட்டு 1985-இல் இதை மதிப்பிட்டார்கள். அவரவர் முறைக்கு நெருக்கமான தேர்வில் அவரவர் நன்றாகச் செய்தார்கள். இரண்டு பக்கமும் சாராத தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் முன்னால் வந்தார்கள். பள்ளிகள் ஒரே மாதிரியானவையா என்ற சந்தேகத்துக்கு இடமிருந்ததால் தீர்ப்பை அடக்கமாகவே எழுதினார்கள், அது சரிதான்.

இதை உங்கள் வகுப்புக்குக் கொண்டுவருவது சுலபம். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்து நேரப் பலகையைப் படம் எடுத்து, கரும்பலகையில் பத்து வரி எழுதிப் போடுங்கள். ‘எ மேன் வான்ட்ஸ் டு ரீச் வேலூர் பிஃபோர் லெவன்’ என்று ஆரம்பித்து, எந்த பஸ், எப்போது கிளம்பும், எப்போது சேரும் என்று கேளுங்கள். ‘லீவ்ஸ்’, ‘ரீச்சஸ்’, ‘ஸ்டாப்ஸ்’ என்று ஒரே பீரியடில் நூறு தடவை அந்த ‘ஸ்’ வந்துபோகும், அதைப்பற்றி ஒரு வார்த்தை நீங்கள் பேசாமலே. பிரபுவைவிட ஒரு படி தள்ளி, கடைசி ஐந்து நிமிடத்தில் பலகையில் அந்தச் சொற்களுக்கு அடியில் கோடு போட்டு, ‘இது எல்லாவற்றிலும் என்ன பார்க்கிறீர்கள்?’ என்று நான் கேட்பேன்.

அப்புறம், தப்பைத் திருத்துவது. ராய் லிஸ்டரும் லெய்லா ரன்டாவும் மாண்ட்ரியல் பக்கத்து வகுப்புகளைப் பதிவு செய்து 1997-இல் வெளியிட்டதைப் பாருங்கள். ஆசிரியர்களின் திருத்தத்தில் 55 சதவீதம், பிள்ளை சொன்னதையே சரியாகத் திருப்பிச் சொல்வது. ‘மை பிரதர் லைக் கிரிக்கெட்.’ ‘ஓ, ஹி லைக்ஸ் கிரிக்கெட்!’ நாம் எல்லோரும் செய்வதுதான், மரியாதையாகவும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிள்ளையிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. பிள்ளைக்கு அது திருத்தமாகவே கேட்கவில்லை, டீச்சர் ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது. விடையைச் சொல்லாமல் ‘யுவர் பிரதர்… ஹி…?’ என்று நிறுத்திக் காத்திருந்தபோது பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்வது கூடியது. ஆனால் தெரிந்தும் நழுவவிடும் தப்புக்குத்தான் இது சரி. இன்னும் தெரியவே தெரியாத ஒன்றுக்காக ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி வகுப்பே பார்க்கக் காத்திருப்பது கொடுமை, அதற்கு விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

எல்லாத் தப்பையும் திருத்தினால் எதுவும் நிற்காது. நோட்டிலும் அப்படித்தான். பக்கம் முழுக்கச் சிவப்பு மை போட்டுக் கொடுத்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். இந்த வாரம் வினை ‘ஸ்’ மட்டும் என்று முடிவு செய்து அதை மட்டும் குறியுங்கள். உங்கள் இரவுத் தூக்கத்துக்கும் நல்லது.

தமிழ் பேசக் கூடாதா என்றால், தாராளமாகப் பேசலாம். ‘ட்ரவுட்’ என்றால் வறட்சி என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டுப் போகாமல், வெடித்த நிலத்தைப் பலகையில் வரைந்து ஐந்து நிமிடம் நடித்துக் காட்டுவதில் என்ன லாபம்? தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் பிள்ளைக்குக் கற்றுத்தருவது மௌனத்தை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கில வரியைப் படித்து உடனே தமிழில் சொல்லும் வழக்கம் தினமும் நடந்தால், பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதையே விட்டுவிட்டுத் தமிழுக்காகக் காத்திருக்கும். தமிழில் முதலில் கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் இடைவெட்டில்லாமல் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிடம் இப்படிச் சுலபமான கதை ஒன்றைப் படித்தாலே, அவர்கள் காதில் விழும் ஆங்கிலத்தின் அளவு எங்கேயோ போய்விடும்.

கடைசியாக, வயது. வேற்றுமொழி ஊரில் குடியேறி அங்கேயே வளரும் குழந்தை, நீண்ட காலத்தில், உச்சரிப்பில் பெரியவர்களை முந்துவது உண்மை. ஆனால் அந்த உண்மையை வாரத்துக்குச் சில பீரியட் கிடைக்கும் வகுப்பறைக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹோஃப்னாகல் ஹோலும் நெதர்லாந்துக்கு வந்த ஆங்கிலம் பேசுவோரைக் கவனித்து 1978-இல் எழுதினார்கள். முதல் சில மாதங்களில் டச்சு மொழியை மிக வேகமாகப் பிடித்தவர்கள் 12 முதல் 15 வயதுக்காரர்கள், கிட்டத்தட்ட உங்கள் வகுப்பின் வயது. பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸின் குழு, எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் பதினொன்றில் தொடங்கியவர்களையும் ஒரே அளவு பாட நேரத்துக்குப் பிறகு ஒப்பிட்டது. தாமதமாகத் தொடங்கியவர்களே முன்னால் இருந்தார்கள்.

வயதைவிட நேரம்தான் இங்கே பெரிய கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரியவர்கள், சிறு வகுப்பு, வேறு வேலை இல்லை. நம் பள்ளியில் தினம் 40 நிமிடம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 133 மணி நேரம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடம் சேர்த்தாலும் 930-தான், அதிலும் பாதிக்கு மேல் தமிழில் போய்விடுகிறது. ‘ஒரு வருடமாகப் படிக்கிறானே, இன்னும் பேச வரவில்லையே’ என்று கேட்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் ஏதாவது சுலபமான ஆங்கிலப் புத்தகம் படிக்கவிடச் சொல்லுங்கள்.